யாரும் விழாத ஐந்நூறு நாட்கள்

விழுவதைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. நாற்பத்தொரு வருஷம் கட்டிடங்களுக்குச் சாரம் கட்டிப் பிழைத்தவன் நான். மூங்கிலை நட்டு, குறுக்குக் கழி வைத்து, கயிற்றை இறுக்கி, அதன்மேல் கொத்தனாரை ஏற்றிவிட்டு, அவன் இறங்குகிற வரைக்கும் கீழே நின்று அண்ணாந்து பார்ப்பது என் வேலை. நானே நாலு தடவை விழுந்திருக்கிறேன். இரண்டு தடவை மணலில், ஒரு தடவை சுண்ணாம்புத் தொட்டியில், ஒரு தடவை மேஸ்திரியின் மேல். மேஸ்திரியின் மேல் விழுந்ததுதான் பெரிய வம்பாகப் போயிற்று.

அதனால் அந்த முதியோர் பராமரிப்பு இல்லத்தின் வாசலில் மாட்டியிருந்த பலகையைப் பார்த்ததுமே எனக்குச் சந்தேகம் தட்டியது. மூன்றாம் வகுப்போடு நின்றவன். எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். கூட்டிப் படித்தேன். ‘இங்கே யாரும் விழாத நாட்கள்: 412.’

“நானூத்திப் பன்னிரண்டு நாளா ஒருத்தர்கூட விழலையா?” என்று கேட்டேன்.

“ஒருத்தர்கூட இல்லீங்க ஐயா” என்றார் எங்களை வரவேற்க வந்தவர். சட்டையில் குத்தியிருந்த அட்டையில் ‘தர அதிகாரி’ என்று இருந்தது. “நூத்திப் பதினெட்டு பேர் இருக்காங்க. சராசரி வயசு எழுபத்தொன்பது. ஒரு சம்பவம் கிடையாது.”

எழுபத்தொன்பது வயசுக்காரர்கள் நூற்றுப் பதினெட்டுப் பேரைச் சமதரையில் விட்டாலே நாளுக்கு ஒருவராவது தடுக்கி விழுவார். இருபது வயசு இளவட்டங்களை வைத்து வேலை பார்த்த என்னாலேயே விபத்தில்லாமல் இரண்டு மாசம் தாண்ட முடிந்ததில்லை. இதில் ஏதோ கோளாறு இருக்கிறது என்று மகளின் காதைக் கடித்தேன்.

“அப்பா, வாசல்லயே ஆரம்பிச்சிட்டீங்களா?” என்றாள் அவள்.

விஷயம் இதுதான். என் வீட்டுக்காரி குளியலறையில் வழுக்கி இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் உள்ளே தகடு வைத்துத் தைத்தார்கள். அந்த டாக்டர் சொன்ன வைத்தியம் ஒன்றே ஒன்று. “நடக்க விடுங்க. வலிச்சாலும் நடக்க விடுங்க. உட்கார்ந்துட்டாங்கன்னா அவ்வளவுதான், அப்புறம் எழுந்திருக்க மாட்டாங்க.” நாங்கள் இருந்தது மகள் வீட்டில். மகள் பள்ளிக்கூடத்தில் டீச்சர், மருமகனுக்கு வெளியூரில் வேலை. காலை ஏழரைக்குக் கிளம்பினால் சாயங்காலம் ஐந்தரைக்குத்தான் திரும்புவாள். அதுவரைக்கும் இவளைத் தூக்கி நிறுத்த, கழிப்பறைக்குக் கூட்டிப்போக நான் ஒருவன்தான். எனக்கு எழுபத்தாறு. என் முதுகு அந்தச் சுண்ணாம்புத் தொட்டியோடு போய்விட்டது.

மூன்று பேரும் உட்கார்ந்து பேசினோம். இந்த இல்லத்தில் நடக்கப் பயிற்சி கொடுக்கிறார்கள் என்று மகள் ஒரு வழவழப்பான புத்தகத்தைக் காட்டினாள். அதில் ஒரு கிழவரும் கிழவியும் கைகோத்துப் புல்தரையில் ஓடிக்கொண்டிருந்தார்கள்.

“மூணே மாசம்ப்பா. கட்டில்ல இருந்து பாத்ரூம் வரைக்கும், யாரும் பிடிக்காம, பத்து அடி. அம்மா அதை நடந்துட்டாங்கன்னா அன்னிக்கே வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துடறேன்.”

“சத்தியமா?”

“சத்தியமா. உங்களை விட்டுட்டு இருக்க எனக்கு மட்டும் ஆசையா என்ன?”

அந்த வார்த்தையை நம்பித்தான் எங்கள் இரண்டு பேர் பெட்டியையும் கட்டினேன்.

என் வீட்டுக்காரி இல்லத்தின் வாசலிலிருந்து வாக்கரைப் பிடித்துக்கொண்டு தானே ஆறு அடி நடந்தாள். ஏழாவது அடிக்குக் காலைத் தூக்கினாள். அதற்குள் சீருடை போட்ட இரண்டு பெண்கள் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்து, பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிக்கிற வேகத்தில், அவளுக்கு அடியில் அதைச் சொருகினார்கள். தூக்கிய காலை இறக்குவதற்கு முன்னால் அவள் உட்கார்ந்திருந்தாள்.

“அவளால நடக்க முடியும்மா” என்றேன்.

“தெரியுங்க தாத்தா. அதான் ஓடி வந்தோம்” என்றது ஒரு பெண்.

வாக்கரைத் தர அதிகாரியே கையோடு வாங்கிக்கொண்டு போய்விட்டார். மறுநாள் அதைக் கேட்கப் போனேன்.

“பத்திரமா ஸ்டோர் ரூம்ல இருக்குங்க ஐயா. நீங்க வீட்டுக்குப் போகும்போது வாங்கிக்கலாம்.”

“வீட்டுக்குப் போகணும்னா அவ நடக்கணும் சார்.”

“கண்டிப்பா.”

“நடக்கணும்னா வாக்கர் வேணுமே.”

“அதான் சொல்றேனே, போகும்போது குடுத்துடுவோம்.”

அவர் முகத்தில் ஒரு கள்ளமும் இல்லை. கள்ளம் இருந்திருந்தால் எனக்குப் பிடி கிடைத்திருக்கும்.

நாற்காலியில் இரண்டு ஏற்பாடுகள் இருந்தன. ஒன்று, இடுப்பைச் சுற்றிக் கட்டுகிற அகலமான வார். அதற்கு ‘அரவணைப்புப் பட்டை’ என்று பெயர். இன்னொன்று, அடியில் போட்டிருந்த மெத்தைத் துண்டு. அதில் உட்கார்ந்திருக்கிற வரைக்கும் ஒன்றும் இல்லை. எழுந்து பாரம் விலகியதென்றால் மணி அடிக்கும். அடித்தால் மாடி ஆயா ஓடிவந்து உட்காரவைப்பாள். உட்காரவைத்ததும் மணி நின்றுவிடும். ஏன் எழுந்தாள், கழிப்பறைக்கா, கால் மரத்துப் போனதா என்று கேட்கிற வழக்கம் கிடையாது. மணி நின்றுவிட்டதல்லவா?

ஆயாவைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. “எனக்கு இருபத்திரெண்டு பேருங்க” என்றாள் ஒருநாள், மூச்சு வாங்க. “ஒருத்தர் எழுந்தா மத்த இருபத்தோரு பேரை அப்படியே போட்டுட்டு ஓடி வரணும். எல்லாரும் உட்கார்ந்திருந்தாத்தான் எல்லாரையும் பார்த்துக்க முடியும். என்னைக் கேட்டா படுத்தே இருந்தா இன்னும் நல்லது.”

நடக்கப் பயிற்சி கொடுக்கிறார்கள் என்றேனே, அதுவும் நடந்தது. வாரத்தில் மூன்று நாள் பத்து மணிக்குக் கூடத்தில். நாற்பது சக்கர நாற்காலிகளை வட்டமாக நிறுத்தி வைத்து, நடுவில் பயிற்சிக்காரப் பெண் நின்றுகொண்டு, பாட்டைப் போட்டு, தான் மட்டும் ஒரே இடத்தில் கால் மாற்றிக் கால் தூக்கி நடப்பாள்.

“எல்லாரும் என்கூட நடக்கறீங்க! வலது... இடது... கண்ணை மூடிக்கோங்க. இப்ப ஒரு தோட்டத்துல நடந்து போயிட்டிருக்கோம். என்ன தெரியுது?”

“மேல ஃபேன்தான் தெரியுது” என்றாள் என் வீட்டுக்காரி.

“கண்ணை மூடுங்க பாட்டி!”

இதற்கு ‘உட்கார்ந்த நடை’ என்று பெயர் வைத்திருந்தார்கள். மாதக் கடைசியில் மகளுக்கு ஓர் அறிக்கை போயிற்று. என் வீட்டுக்காரி அந்த மாசம் எட்டு முறை நடைப் பயிற்சியில் கலந்துகொண்டாள், ஒத்துழைப்பு நன்று என்று அதில் இருந்ததாம். மகள் போனில் சந்தோஷமாகப் பேசினாள். “எட்டு தடவை நடந்தாங்களாமேப்பா!”

“தோட்டத்துல நடந்தா” என்றேன். “கண்ணை மூடிக்கிட்டு.”

“தோட்டம் வேற இருக்கா? நல்லதாப் போச்சு.”

போனை வைத்துவிட்டேன்.

பலகை நானூற்று முப்பத்தொன்றைத் தொட்ட அன்றைக்குத் தபால்காரர் விழுந்தார். அவர் எங்கள் பக்கத்து அறைக்காரர், தபால் கொடுத்து ஓய்வு பெற்றவர். நாற்காலி பட்டை எதற்கும் அடங்காமல் கழற்றிப் போட்டுவிட்டுத் திரிகிறவர். மதியச் சாப்பாட்டு வேளையில், எழுபது பேர் பார்க்க, கையில் தட்டோடு முகம் குப்புற விழுந்தார். மூக்கில் ரத்தம். தட்டு உருண்டு போய் என் காலடியில் நின்றது. எனக்கு வருத்தம்தான். ஆனாலும் பொய் சொல்லக் கூடாது, உள்ளுக்குள் ஒரு நிம்மதி. இனி அந்தப் பலகையில் பூஜ்யம் போடுவார்கள், இந்தப் பைத்தியம் தெளியும் என்று நினைத்தேன்.

தர அதிகாரி வந்தார். கூடவே தலைமை நர்ஸ், கையில் ஒரு தடித்த புத்தகம். ரத்தத்தைத் துடைப்பதற்கு முன்னால் கேள்வி தொடங்கியது.

“ஐயா, நிதானமா யோசிச்சுச் சொல்லுங்க. நீங்க ஏன் தரைக்குப் போனீங்க?”

“ஸ்பூன் விழுந்துதுங்க. எடுக்கக் குனிஞ்சேன்.”

“அப்ப தரையை நோக்கிப் போகணும்கிற எண்ணம் உங்களுக்கு முதல்லயே இருந்திருக்கு.”

“ஸ்பூனை எடுக்கணும்னு இருந்துது.”

“ஸ்பூன் எங்க இருந்துது?”

“தரையில.”

அதிகாரி நர்ஸைப் பார்த்தார். நர்ஸ் புத்தகத்தைப் புரட்டி வாசித்தாள். விழுகை என்பது ஒருவர் தன் விருப்பமில்லாமல் தரையை அடைவது. இவர் விருப்பத்தோடு கிளம்பியிருக்கிறார். போய்ச் சேர்ந்த வேகத்தில்தான் சற்று வித்தியாசம். ஆகவே இது விழுகை ஆகாது, ‘தரைமட்டச் செயல்பாடு’. மறுநாள் காலையில் பலகையில் நானூற்று முப்பத்திரண்டு என்று மாற்றினார்கள். தபால்காரர் மூக்கில் பஞ்சோடு போய் அதைப் பார்த்துவிட்டு வந்தார்.

“என்னய்யா இது, மூக்கு உடைஞ்சவன் நீ. விழுந்தேன்னு சொல்ல வேண்டியதுதானே?” என்றேன்.

“சொன்னா நானூத்தி முப்பது நாள் என்னால போச்சுன்னு எல்லாரும் என்னைப் பார்ப்பாங்க. அதுவுமில்லாம என்னைக் குடியிருப்போர் குழுவுக்குத் தலைவராப் போட்டிருக்காங்க.” குரலைத் தாழ்த்தினார். “ஜன்னல் பக்கம் அறை மாத்தித் தரேன்னிருக்காங்க.”

அதற்குமேல் யாரையும் நம்பிப் பயன் இல்லை என்று முடிவு செய்தேன். இனி நானே அவளை நடக்க வைப்பேன்.

தடையாக இருந்தது மணி. பாரம் விலகினால் அடிக்கும். அப்படியானால் பாரம் விலகக் கூடாது, அவ்வளவுதானே? மதியம் இரண்டிலிருந்து மூன்று வரைக்கும் வேலைக்காரர்கள் எல்லோரும் கீழே தர உயர்வுக் கூட்டத்துக்குப் போய்விடுவார்கள். அந்த நேரத்தில் நான் என் வீட்டுக்காரியின் பட்டையைக் கழற்றி, அவளைக் கட்டில் பக்கம் மெல்லச் சாய்த்து, அவள் விலக விலக நான் நகர்ந்து நாற்காலியில் உட்கார்ந்துவிடுவேன். முதல் நாள் மணி ஒரு நொடி கீச்சிட்டது. இரண்டாம் நாள் அதுவும் இல்லை. அவள் நடக்க, நான் உட்கார்ந்தேன்.

உட்கார்ந்தவன் அவளைப் பிடிப்பது எப்படி? அதற்கும் வழி செய்தேன். ஜன்னல் திரைகளின் பின்னால் இரண்டு நீளக் குழாய்கள் இருந்தன. அவற்றை உருவினேன். பழைய போர்வை ஒன்றை நீளவாட்டில் கிழித்துத் திரித்துக் கயிறாக்கினேன். கட்டில் கால், அலமாரிப் பிடி, ஜன்னல் கம்பி என்று மூன்று இடத்தில் கட்டுப் போட்டு, கட்டிலிலிருந்து குளியலறைக் கதவு வரைக்கும் இடுப்பு உயரத்தில் ஒரு பிடிகம்பி ஓட்டினேன். கட்டு முடிச்சை இழுத்துப் பார்த்தபோது கை பழசை மறக்கவில்லை என்று தெரிந்தது. அதில் நாலு கொத்தனார் தொங்கலாம். மூன்று மணிக்குள் அவிழ்த்துக் குழாயைத் திரையில் கோத்துவிடுவேன்.

முதல் நாள் இரண்டு அடி. “வலி உயிர் போகுதுங்க” என்றாள்.

“உயிர் போகும்போது சொல்லு. இப்ப அடுத்த காலை எடுத்து வை.”

“நாற்காலியில ராஜா மாதிரி உட்கார்ந்துக்கிட்டு அதிகாரத்தைப் பாரு!”

ஒரு வாரத்தில் அஞ்சு. மூன்று வாரத்தில் எட்டு. அப்புறம் கம்பியைத் தொடாமல், தொட்டுவிடுகிற தூரத்தில் கையை வைத்துக்கொண்டு, பன்னிரண்டு. போன வழியே திரும்பியும் வந்தாள். நின்ற இடத்தில் வியர்வையைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். இடுப்பு ஒடிந்த நாளிலிருந்து நான் பார்க்காத சிரிப்பு அது.

பலகை நானூற்றுத் தொண்ணூற்று மூன்றாக இருந்தபோது எங்கள் குட்டு வெளிப்பட்டது. தரச் சான்று கொடுக்கிற குழுவிலிருந்து ஓர் ஆணும் ஒரு பெண்ணும் முன்னறிவிப்பில்லாமல் வந்திருக்கிறார்கள். எங்கள் அதிகாரி அவர்களை மாதிரி அறை பார்க்கலாம் என்று நேராக எங்கள் அறைக்குக் கூட்டிவந்து கதவைத் திறந்தார். உள்ளே நான் பட்டையைக் கட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். என் வீட்டுக்காரி அறையின் நடுவில் நிற்கிறாள்.

“இவர்தான் நோயாளியா?” என்று கேட்டார் சான்றுக்காரர், என்னைக் காட்டி.

அதிகாரிக்கு மென்று விழுங்க ஒரு நொடிதான் ஆயிற்று. “ஆமாங்க சார். இடுப்பு எலும்பு முறிவு. நல்லா ஒத்துழைக்கிறார்.”

“இந்த அம்மா?”

“விருந்தினருங்க. பார்க்க வந்திருக்காங்க.”

சான்றுக்காரப் பெண் என் வீட்டுக்காரியின் கையைப் பிடித்துக்கொண்டாள். “தினமும் வந்து பார்த்துக்கறீங்களாம்மா? உங்களை மாதிரி மனைவி கிடைக்கக் கொடுத்து வச்சிருக்கணும். எவ்வளவு திடமா இருக்கீங்க!” பிறகு என்னிடம் குனிந்து, காது கேளாதவனிடம் பேசுவதுபோல் கத்தினாள். “ஐயா! இங்கே நல்லா பார்த்துக்கறாங்களா?”

“எனக்கு ஒரு குறையும் இல்லம்மா. இன்னும் ரெண்டு மாசம் இப்படியே இருந்தா நானும் நடக்க மாட்டேன்” என்றேன்.

“நகைச்சுவை உணர்வு நல்லா இருக்கு” என்று எழுதிக்கொண்டாள்.

அவர்கள் போனபிறகு அதிகாரி தனியாக வந்தார். குழாய்களை அவிழ்க்கச் சொன்னார். கோபப்படவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு என் எதிரில் உட்கார்ந்து, சொந்தப் பிள்ளைபோல என் முழங்காலில் கை வைத்துக்கொண்டு பேசினார்.

“ஐயா, நடக்கறது அவங்க உரிமை. நாங்க ஒருநாளும் மறுக்க மாட்டோம். ஆனா நடக்கறதுக்கு முன்னாடி நிக்கணும் பாருங்க, அதுக்குத்தான் அனுமதி இல்ல. ஒரு உண்மை சொல்லட்டுமா? உங்க வீட்டம்மா நடந்தா அது யாருக்கும் தெரியப் போறதில்ல. நடந்தவங்க எத்தனை பேர்னு ஒரு பலகை உலகத்துல எங்கயும் கிடையாது. ஆனா விழுந்தா எல்லாருக்கும் தெரியும். இன்னும் ஏழே நாள். ஐந்நூறு. இந்தத் துறையிலயே யாரும் தொடாத எண்ணிக்கை. நூத்திப் பதினெட்டு பேர் சேர்ந்து, அசையாம, பாடுபட்டுச் சேர்த்தது. அதை ஒருத்தர் பத்து அடிக்காகக் கலைக்கலாமா? நீங்களே சொல்லுங்க.”

“என் மக கேட்டது அந்தப் பத்து அடியைத்தான் சார். அவளை வரச்சொல்லுங்க. அவ கண்ணு முன்னாடி இவ நடக்கட்டும். நாங்க போயிடறோம். அப்புறம் ஐயாயிரம் நாள் வேணும்னாலும் எண்ணிக்குங்க.”

அவர் யோசித்தார். யோசித்து, புன்னகை செய்தார். “தாராளமா. முறைப்படி ஒரு நடை மதிப்பீடு வச்சிடலாம்.”

மதிப்பீட்டை ஐந்நூறாவது நாள் மூன்று மணிக்கு வைத்தார்கள். நாலு மணிக்குக் கீழே விழா.

அறைக்குள் வேலைக்காரர்கள் மெத்தைகளைக் கொண்டுவந்து இரண்டு பக்கமும் விரித்தார்கள். தரையே தெரியவில்லை, நடுவில் ஒரு முழ அகலத்தில் வழி விட்டிருந்தார்கள். என் வீட்டுக்காரியின் முழங்காலுக்குப் பஞ்சு கட்டினார்கள். கடைசியில் தலைமை நர்ஸ் ஒரு தலைக்கவசத்தைக் கொண்டுவந்து அவள் தலையில் மாட்டி, தாடைக்குக் கீழே வாரை இறுக்கினாள். ஆறு மாடி உயரத்தில் நான் வெறுந்தலையோடு நின்ற காலத்தில் யாருக்கும் இப்படிக் கவலை வந்ததில்லை.

“நான் என்னங்க, சண்டைக்கா போறேன்?” என்று கேட்டாள் அவள். நான் சிரித்துவிட்டேன். அத்தனை நம்பிக்கை எனக்கு. நேற்று மதியம்கூடக் குழாய் இல்லாமலே பன்னிரண்டு அடி நடந்திருந்தாள்.

மகள் பள்ளிக்கூடத்திலிருந்து நேராக வந்தாள். கையில் இன்னும் சாக்பீஸ் தூள். குளியலறைக் கதவை ஒட்டி நின்றாள். இளைத்திருந்தாள். நாங்கள் இங்கே வந்த பிறகாவது கொஞ்சம் தேறியிருப்பாள் என்று நினைத்திருந்தேன்.

“அம்மா, முடிஞ்சா மட்டும் நடங்க. கஷ்டப்படாதீங்க” என்றாள்.

“கஷ்டம் என்ன, பார் நீயே” என்றேன் நான். “எழுந்திரு புள்ள.”

என் வீட்டுக்காரி எழுந்தாள். மணியை முன்பே நிறுத்தி வைத்திருந்தார்கள். யாரும் பிடிக்கவில்லை. ஆடாமல் அசையாமல் நின்றாள். நான் அவள் பாதங்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். வலது கால் முன்னே வந்தது. இடது கால். இரண்டு. வாய்க்குள்ளே மூன்று என்று எண்ணினேன்.

மூன்று வரவில்லை. அவள் நின்றாள். மெல்லப் பின்னால் கையை நீட்டி நாற்காலியைத் தேடி, உட்கார்ந்துவிட்டாள்.

“முடியலம்மா” என்றாள்.

“என்னடி முடியல? நேத்து நடந்தியே!” என்று கத்தினேன். “பன்னிரண்டு அடி நடந்தா சார்! போயிட்டுத் திரும்பியும் வந்தா! அந்தச் சான்றுக்காரங்க பார்த்தாங்களே, கேளுங்க!”

“அவங்க பார்த்தது விருந்தினரை” என்றார் அதிகாரி, சாந்தமாக. நர்ஸ் ஏதோ எழுதினாள். ‘கணவர் உண்மை நிலையை ஏற்க மறுக்கிறார்’ என்று எழுதியதாகப் பிறகு தெரிந்தது.

மகள் ஓடிவந்து அம்மாவைத் தலைக்கவசத்தில் முகம் இடிக்கக் கட்டிக்கொண்டு அழுதாள். “பரவாயில்லம்மா... பரவாயில்லம்மா...” பிறகு என் பக்கம் திரும்பினாள். “போதும்ப்பா. அம்மாவை விட்டுடுங்க. உங்க பிடிவாதத்துக்கு அவங்களைப் போட்டு வதைக்காதீங்க.”

அதிகாரி தொண்டையைச் செருமினார். “பார்த்தீங்களா மேடம், நாங்க எவ்வளவு நல்லா வச்சிருக்கோம்னு? இங்கே உங்கம்மா நடக்க வேண்டிய அவசியமே இல்லாம பண்ணியிருக்கோம். அதுதான் தரம்.”

மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாள். மெத்தைகளை எடுத்தார்கள். மணியைத் திரும்பப் போட்டார்கள். அதிகாரி விழாவுக்கு இறங்கும் அவசரத்திலும் ஒரு தாளை எடுத்து என் கையில் கொடுத்தார்.

“நிரந்தரமாத் தங்கறதுக்கான ஒப்புதல். கணவர் கையெழுத்து ஒண்ணுதான் பாக்கி. பொறுமையாப் போடுங்க, நான் விழா முடிஞ்சு வந்து வாங்கிக்கிறேன்.”

எழுத்துக் கூட்டிப் படித்தேன். கீழே மகளின் கையெழுத்து இருந்தது. அது எனக்கு நன்றாகத் தெரியும். அவளுடைய ஒவ்வொரு ரேங்க் கார்டிலும் நான் எழுத்துக் கூட்டிப் போட்டதற்குப் பக்கத்தில் அவள் அழகாகப் போட்டுப் பழகிய கையெழுத்து. அதன் பக்கத்தில் தேதி.

“சார், இதுல நேத்துத் தேதி இருக்கே.”

“ஆமாங்க. நேத்து சாயங்காலம் மேடம் வந்து போட்டுக் குடுத்துட்டுப் போனாங்க.”

“நேத்து இங்க வந்தாளா? எங்களைப் பார்க்கவே இல்லையே.”

“அவசரம்னாங்க” என்றார். “முன்கூட்டியே தாள் தயாரா இருக்கறதும் எங்க தரத்துல ஒரு அம்சம்ங்க ஐயா.” படியிறங்கிப் போய்விட்டார்.

கதவைச் சாத்திவிட்டு அந்தத் தாளை என் வீட்டுக்காரியின் முகத்துக்கு நேரே நீட்டினேன். “பார். பார் உன் மகளை. நீ நடக்கறதுக்கு முன்னாடியே கையெழுத்துப் போட்டிருக்கா.”

அவள் தாளைப் பார்க்கவே இல்லை. தலைக்கவசத்தைக் கழற்றத் தெரியாமல் வாரோடு போராடிக்கொண்டிருந்தாள். நான் கழற்றிவிட்டேன்.

“தெரியும்” என்றாள்.

“தெரியுமா? யார் சொன்னா?”

“யாரும் சொல்லல. நீங்க என் காலைப் பார்த்துக்கிட்டு இருந்தீங்க. நான் அவளைப் பார்த்துக்கிட்டு இருந்தேன். நான் எழுந்து நின்னதும் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு கதவை இறுக்கிப் பிடிச்சா. நான் விழுந்துடுவேன்னு இல்லீங்க. நடந்துடுவேன்னு.”

தலைக்கவசத்தைக் கட்டில்மேல் வைத்தேன். “அப்ப எனக்காக நடந்திருக்கலாமேடி” என்றேன்.

“உங்களுக்காகத்தானே ரெண்டு மாசமா நடந்தேன்.”

“என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.”

“சொன்னா விடுவீங்களா? அவகிட்ட நாக்கைப் பிடுங்கிக்கற மாதிரி நாலு கேள்வி கேட்பீங்க. அப்புறம் அந்த வீட்டுல போய் எப்படி இருக்கறது? பெத்ததுக்கு அவ முகத்தை நான் அப்படி இன்னொரு தடவை பார்க்கணுமா?” பட்டையைத் தானே அவிழ்த்தாள். “நகருங்க. எனக்குப் பாத்ரூம் போகணும்.”

எழுந்துவிட்டாள். மணி அலறியது. நான் நாற்காலிக்குப் போகவில்லை, உட்காரத் தோன்றவில்லை. கம்பியும் இல்லை, கயிறும் இல்லை. சுவரையும் தொடாமல் நேராக நடந்து கதவைத் திறந்து உள்ளே போனாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. கீழேயிருந்து கைதட்டல் கேட்டது. ஒலிபெருக்கியில் அதிகாரி, இமைப்பொழுதும் அகலாத கவனிப்பு என்று ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். ஆயா வரவில்லை. யாருமே வரவில்லை. அவள் கைகழுவிக்கொண்டு வந்து, திரும்பவும் அத்தனை அடியும் நடந்து, நாற்காலியில் உட்கார்ந்தாள். மணி நின்றது.

“போட்டுக் குடுத்துடுங்க” என்றாள் தாளைக் காட்டி. “ஞாயித்துக்கிழமை வரும்போது தலை நிமிர்ந்து வரட்டும்.”

“மாட்டேன்.”

“போடுங்க.”

போட்டேன். என் பெயரில் ஆறு எழுத்து. அதை எழுத எனக்கு எப்போதுமே நேரம் பிடிக்கும். அன்றைக்கு இன்னும் பிடித்தது.

ஐந்து மணிக்கு அதிகாரி கழுத்தில் மாலையோடு வந்தார். “மேல மணி அடிச்ச மாதிரி இருந்துதே. எதுவும் பிரச்சினை இல்லையே?”

“நான்தான் கொஞ்சம் அசைஞ்சு உட்கார்ந்தேன்” என்றாள் என் வீட்டுக்காரி.

“பரவாயில்ல, பரவாயில்ல.” தாளை வாங்கிப் பார்த்தார். புருவம் சுருங்கியது. “ஐயா, இன்னிக்குத் தேதி போட்டுட்டீங்களே. மேடம் நேத்துத் தேதி போட்டிருக்காங்க. ரெண்டும் ஒண்ணா இருந்தாத்தான் ஃபைலுக்கு ஒழுங்கா இருக்கும். அடிச்சிட்டு நேத்துன்னு மாத்திடுங்களேன்.”

பேனாவை நீட்டினார். நான் வாங்கவில்லை.

“நேத்து எனக்குத் தெரியாது சார்” என்றேன்.